முஸாஃபிர் கண்ணும் முகீம் கண்ணும்

சபர் என்னும் சொல் ஒலிக்காத வீடு நம் பகுதியில் அரிது. வேப்பந்தட்டை வட்டாரத்தில் எந்த முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்டினாலும், "அவர் சபரில் இருக்கிறார்" என்ற மறுமொழியையே பெரும்பாலும் கேட்கலாம். என் பாட்டனார் காலத்தில் சபர் என்றால் பினாங்கு, சிங்கப்பூர், இரங்கூன். என் தம்பிமார் காலத்தில் அது சவூதி, குவைத், துபாய் என்றாயிற்று. ஊர்கள் மாறினவேயன்றி நோக்கம் மாறவில்லை. போனவர் பொருள் தேடுவார், வீட்டார் காத்திருப்பார்கள், என்றேனும் ஒருநாள் அவர் திரும்புவார். இதுவே நியதியாக இருந்தது.

இப்போது வேறொரு வகைச் சபர் தோன்றியிருக்கிறது. விடுமுறைக்கு என்று சொல்லிக் குடும்பத்தோடு ஒரு நாட்டுக்குப் புறப்படுகிறார்கள். கடற்கரையையும் கடைவீதியையும் பார்க்கிறார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிடும் நேரத்தில், பெரியவர்கள் அங்கே வீட்டு வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எப்படி, விசா கிடைக்குமா என்று மெல்ல விசாரிக்கிறார்கள். உல்லாசப் பயணம் என்பது வெளிப்பெயர்; குடியேறலாமா என்று பார்த்து வருவதே உள்நோக்கம். 2025 ஜூலையில், முஹர்ரம் மாதத்தில், நானும் அத்தகைய பயணம் ஒன்று போய் வந்தேன். அங்கே கண்டதையும், அந்தப் பயணத்தில் என்னைப் பற்றி நானே தெரிந்து கொண்டதையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்து கொள்வது பயனுடையதாக இருக்கும் எனக் கருதுகிறேன்.

பினாங்கார் காடு

முதலில் எங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேப்பந்தட்டையில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. மேற்கே நோக்கினால் பச்சைமலைத் தொடர் தெரியும். வானம் பார்த்த பூமிதான். ஒரு கிணறு உண்டு. கோடையில் அதன் அடிப்பாறை தெரியும். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மாறி மாறி அதில் விளைந்திருக்கின்றன. ஊரார் அதனைப் 'பினாங்கார் காடு' என்றே அழைப்பார்கள்.

பினாங்கார் என்பது என் பாட்டனாரைக் குறிக்கும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குச் சென்று, ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர் அவர். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கின் மீது குண்டு வீசினர். அம்மாதமே தீவு அவர்கள் வசமாயிற்று. 1945-இல் போர் முடியும் வரை என் பாட்டியாருக்குக் கணவரிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. உயிரோடிருக்கிறாரா, இல்லையா என்பது தெரியாது. இத்தாவில் அமர்வதா, காத்திருப்பதா என்று தெரியாத நிலையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளைக் கழித்தவர் அவர். பாட்டனார் 1946-இல் உயிரோடு வந்து சேர்ந்தார். மறுபடியும் போகவில்லை. எஞ்சிய பணத்தில் வாங்கியதே இந்த ஐந்து ஏக்கர்.

சென்ற ஆண்டு என் மகன் துபாயிலிருந்து தொலைபேசியில் சொன்னான்: "அத்தா, அந்த நிலத்தையும் வீட்டையும் விற்றுவிடுங்கள். நாம் எல்லோரும் மலேசியாவில் குடியேறுவோம்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. 2018-இல் படைப்புழு எங்கள் பகுதி மக்காச்சோளத்தை அழித்தபோது போட்ட முதலும் திரும்பவில்லை. வெங்காய விலை ஓராண்டு ஏறினால் மறு ஆண்டு வீழ்கிறது. நானோ ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். வயது அறுபத்து மூன்று. 2024-இல் ஒரு நள்ளிரவில் எனக்கு நெஞ்சுவலி கண்டது. பக்கத்து வீட்டு இந்து அன்பர் தம் வண்டியில் திருச்சிக்கு அழைத்துச் சென்று உயிர் காத்தார். மகனுக்கு விடிந்த பிறகே செய்தி தெரியும். "அன்று அவர் ஊரில் இல்லாதிருந்தால்?" என்று அவன் கேட்டான். "அவரைப் போன்றவர் பினாங்கில் கிடைப்பாரா?" என்று நான் கேட்டேன். ஒரே நிகழ்ச்சி; அவனுக்கு அது ஊரை விடுவதற்குக் காரணம், எனக்கு அதுவே ஊரில் இருப்பதற்குக் காரணம்.

இறுதியில், "போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்று உடன்பட்டேன். மனத்துக்குள் மட்டும், "உன் அம்மாவால் அங்கே இருக்க முடியாது" என்ற விடையை ஆயத்தமாக வைத்திருந்தேன்.

இரண்டு ஊர்களைப் பார்த்த அனுபவம்

மலேசியாவுக்கு முன்பே இரண்டு ஊர்களை இந்த நோக்கில் நாங்கள் பார்த்ததுண்டு.

ஒன்று, மகன் பணிபுரியும் துபாய். அங்கே தொழுகைக்கும் ஹலால் உணவுக்கும் குறைவில்லை. இருபது இலட்சம் திர்ஹம் மதிப்புள்ள வீட்டை வாங்குவோர்க்குப் பத்தாண்டு விசா தருகிறார்கள். ஐம்பத்தைந்து வயது கடந்தோர்க்குச் சில நிபந்தனைகளோடு ஐந்தாண்டு ஓய்வுக்கால விசாவும் உண்டு. ஆயினும் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் அந்நாட்டுக் குடியுரிமை பொதுவாகக் கிடைப்பதில்லை. என் மகனுக்கு வேலை உள்ளவரை விசா. வேலை போனால் குறித்த நாட்களுக்குள் வேறு வழி தேட வேண்டும். நாற்பது வயதில் அவன் நெஞ்சிலுள்ள கவலை அதுதான். என் பேரப்பிள்ளைகளிடம் "உங்கள் ஊர் எது?" என்று கேட்டால், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்கிறார்கள்.

மற்றொன்று கொழும்பு. 2023 டிசம்பரில் நானும் என் துணைவியாரும் நான்கு நாட்கள் சென்றிருந்தோம். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான விமானப் பயணம். புறக்கோட்டையில் 1909-இல் எழுப்பப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலைக் கண்டு வியந்தோம். அங்குள்ள முஸ்லிம்கள் தமிழில் பேசக் கேட்டபோது அயல்நாடு என்ற எண்ணமே எழவில்லை. 'இங்கேயே இருந்துவிடலாமே' என்று மூன்றாம் நாள் எனக்கே தோன்றியது. நான்காம் நாள் ஒரு பெரியவரோடு உரையாடும் வாய்ப்புக் கிட்டியது. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்குவதற்குத் தடை இருப்பதை அவர் எடுத்துரைத்தார். 2022-இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற கதையைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, 2020-இல் கொரோனா நோயால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் எரித்தே ஆக வேண்டும் என அரசு ஆணையிட்டதையும், 2021 பிப்ரவரியில்தான் அந்த ஆணை விலக்கப்பட்டதையும் கூறினார். 2024-இல் அரசு அதற்காக மன்னிப்புக் கோரியது என்றாலும், அந்த மாதங்களில் பெற்றோரையும் பிள்ளையையும் இழந்தோரின் துயரம் ஆறியிருக்குமா?

மூன்று நாட்கள் கண்ட கொழும்பில் இவற்றுள் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. பெண் பார்க்கப் போகும் வீட்டில் அன்று மட்டும் விரிக்கப்படும் பாயைப் போன்றது, ஓர் ஊர் தன் விருந்தினருக்குக் காட்டும் முகம். அது பொய் முகம் அன்று. ஆனால் முழு முகமும் அன்று.

பினாங்கில் ஒன்பது நாட்கள்

மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் துபாயிலிருந்தும், நாங்கள் இருவரும் திருச்சியிலிருந்தும் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தோம். 2023 டிசம்பர் முதல் இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் முப்பது நாட்கள் வரை மலேசியாவில் விசாவின்றிச் சுற்றுலாவாகத் தங்கலாம். 2026 முடிய அச்சலுகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. போகுமுன் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்பினால் போதும். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை ரயில். அங்கிருந்து தோணித்துறையில் படகேறி, நீரிணையைக் கடந்து, என் பாட்டனார் இறங்கிய அதே கரையில் இறங்கினோம்.

ஜார்ஜ் டவுன் நகரம் 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் நடுவே சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து போன நம்மவர்களைச் சூலியர் என அழைத்தமையால் வந்த பெயர் அது. அருகே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் தோன்றியது. பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற காதிர் மைதீன் மரைக்காயர் நம்மவர்களின் தலைவராக இருந்து எழுப்பிய பள்ளி அது. சற்றுத் தொலைவில் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே ஒரு சிறு கட்டடம் நிற்கிறது. தமிழ்ப் பெயர்ப் பலகைகளையும், நாசி கண்டார் கடைகளின் குழம்பு மணத்தையும் கடந்து நடந்தபோது, பாட்டனார் எந்தக் கடையில் கணக்கெழுதியிருப்பார் என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்தேன். கண்டுபிடிக்க இயலவில்லை. கடையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாத பிழை என்னுடையது.

முதல் இரு நாட்கள் மலை ரயிலும் கடற்கரையுமாகக் கழிந்தன. டுரியான் பழக்காலம், அதன் வாடையைப் பேரப்பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெறுத்தார்கள், நான் விரும்பினேன். மூன்றாம் நாள் குடியேற்ற முகவர் ஒருவரின் அலுவலகத்துக்குப் போனோம். வழுவழுப்பான தாளில் அச்சிட்ட கையேடு ஒன்றைக் கொடுத்தார். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் நரைத்த தம்பதியர் கடலைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தனர்.

'மலேசியா என் இரண்டாம் இல்லம்' என்னும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2002-இல் தொடங்கியது. நிபந்தனைகள் பலமுறை மாறியிருக்கின்றன. 2021-இல் அவை மிகக் கடுமையாக்கப்பட்டன. 2024-இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என மூன்று படிகளாக வகுக்கப்பட்டன. கீழ்ப்படியான வெள்ளிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும். அதோடு குறைந்தது 6,00,000 ரிங்கிட் மதிப்பில் ஒரு வீட்டையும் வாங்கியாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நம் பணத்தில் இரண்டரைக் கோடி ரூபாயை எட்டும். வைப்புத்தொகையில் பாதி வரை வீடு, மருத்துவம் போன்றவற்றுக்கு எடுக்க இடமுண்டு. ஆனால் வாங்கிய வீட்டைப் பத்தாண்டுகளுக்கு விற்க இயலாது; இன்னும் விலை உயர்ந்த வீட்டுக்கு மாறினால் மட்டுமே விலக்கு. இத்தனைக்கும் கிடைப்பது ஐந்தாண்டு அனுமதி, புதுப்பித்துக் கொள்ளலாம். அதில் வேலை பார்க்க உரிமையில்லை. நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ அன்று.

வைப்புத்தொகைக்கு வட்டி வருமே என்று நான் தயங்கினேன். மலேசியாவில் 1983 முதலே இஸ்லாமிய வங்கி இயங்குவதால் அந்தக் கவலை வேண்டாம் என்றான் மகன். அவன் ஒவ்வொரு கேள்விக்கும் விடை தேடி வைத்திருந்தான். நிலம், வீடு, என் பணிக்கொடை, அவனது பதினைந்தாண்டுச் சேமிப்பு என நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினான். கூட்டுத்தொகை அந்த இரண்டரைக் கோடியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அத்தாளில் 'நிலம்' என்ற சொல்லைப் பார்த்தபோது, கடிதம் வராத நான்கு ஆண்டுகள் என் நினைவுக்கு வந்தன.

துணைவியார் கேட்ட கேள்வி

ஆறாம் நாள் மாலை. அஸர் தொழுதுவிட்டு அறைக்கு வந்தால் துணைவியாரைக் காணவில்லை. மருமகளுக்கும் தெரியவில்லை. வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூருக்குக்கூட என் துணையின்றி அவர் பேருந்தில் போனதில்லை. நாங்கள் பதறிக்கொண்டிருக்கையில், மஃரிபுக்குச் சற்று முன்னதாக முகமெல்லாம் மலர வந்து சேர்ந்தார். முந்திய நாள் கடையில் அறிமுகமான தமிழ் முஸ்லிம் பெண்மணி ஒருவருடன் பேருந்திலேறி, ஒரு பள்ளிவாசலில் பெண்களுக்காக நடைபெறும் குர்ஆன் வகுப்புக்குப் போயிருக்கிறார். மலேசியாவில் பெண்கள் பள்ளிவாசலுக்கு வருவது அன்றாட வழக்கம். அவர்களுக்கெனத் தனி இடமும் ஒளூச் செய்யும் இடமும் உண்டு.

"நாற்பது ஆண்டுகளாக நம் ஊர்ப் பள்ளியின் பாங்கைச் சமையலறையில் இருந்தே கேட்டிருக்கிறேன். இன்று ஜமாஅத்தோடு தொழுதேன்" என்றார். பிறகு, "என்னால் இந்த ஊரில் இருக்க முடியும்" என்றார்.

நான் திடுக்கிட்டேன். 'உன் அம்மாவால் இருக்க முடியாது' என்று ஆயத்தமாக வைத்திருந்த விடை என் கையிலிருந்து நழுவிற்று. மகனிடம் நான் பலமுறை அப்படிச் சொல்லியிருப்பது அவருக்கும் தெரியும். "இருக்க முடியுமா என்று என்னை ஒருநாளாவது கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை என்பதே உண்மை. மஷ்வரா செய்து முடிவெடுங்கள் என்று திருமண உரைகளில் பிறருக்குச் சொல்லி வந்தவன் நான். ஊரை விட முடியாதவன் நானாக இருக்க, அந்த பலவீனத்தை அவர் பெயரில் எழுதி வைத்திருந்தேன். அன்றிரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஃபஜ்ருக்கு அருகிலுள்ள பள்ளிக்குச் சென்றேன். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாடாகையால் இரண்டாம் ரக்அத்தில் இமாம் குனூத் ஓதினார். ஹனஃபியான நான் ஒரு கணம் தடுமாறிப் பிறகு அமைதியாக நின்றேன். அறைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது, துணைவியார் முதல்நாள் பேச்சைத் தொடர்ந்தார்.

"இருக்க முடியும் என்றேன், வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு வரலாம் என்று சொல்லவில்லை. நாம் இங்கே ஆறு நாட்களாகக் கஸ்ர் தொழுது கொண்டிருக்கிறோம். லுஹரும் அஸரும் இஷாவும் அறையில் இரண்டிரண்டு ரக்அத்துகள். மார்க்கமே நம்மை முஸாஃபிர் என்று சொல்லி, சுமையைப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறது. பாதிச் சுமையோடு திரிகிறவருக்கு ஊரின் முழு எடை எப்படித் தெரியும்?"

மத்ரஸாவில் ஆறாண்டு ஓதியவர் அவர். நான் பாடப் புத்தகத்தில் தேடாத விளக்கத்தை ஒரு சொல்லில் எடுத்து வைத்தார். ஃபிக்ஹு நூல்கள் மனிதரை முஸாஃபிர், முகீம் என இரண்டாகப் பிரிக்கின்றன. ஹனஃபி மத்ஹபின்படி, ஓர் ஊரில் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத் வைத்தவர் முகீம். அவர் தொழுகையைக் குறைக்கக் கூடாது. பயணிக்குச் சலுகை, குடியிருப்பவருக்கு முழுக் கடமை. விடுமுறையில் ஊர் பார்க்கப் போகும் நாம் முஸாஃபிர் கண்ணால் பார்த்துவிட்டு, முகீமின் முடிவை எடுக்கத் துணிகிறோம்.

எஞ்சிய மூன்று நாட்களில் அவர் காட்டிய வழியில் சென்றோம். கடற்கரையை விட்டுவிட்டுக் குடியிருப்புப் பகுதிகளில் நடந்தோம். பேரப்பிள்ளைகளின் படிப்பை விசாரித்தோம். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருப்பது பெருமைக்குரியது. ஆனால் வெளிநாட்டவர் பிள்ளைகள் பெரும்பாலும் கட்டணம் மிகுந்த சர்வதேசப் பள்ளிகளையே நாட வேண்டியிருக்கிறது. பினாங்கின் தனியார் மருத்துவமனைகள் புகழ் பெற்றவை. அரசு மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு ஒரு கட்டணம், அயலாருக்கு வேறொரு கட்டணம். வகுப்புத் தோழியாகிய அந்தப் பெண்மணி வீட்டில் தேநீர் அருந்தினோம். "இங்கே மௌத்தானால் யார் குளிப்பாட்டுவார்கள்?" என்று துணைவியார் தயங்காமல் கேட்டார். "நாங்கள்தான்; நீங்கள் ஜமாஅத்தில் பழகியவராக இருந்தால் கூடுதல் பேர் வருவார்கள்" என்று அப்பெண்மணி சிரித்தபடி மறுமொழி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு இணையான செய்தி முகவரின் கையேட்டில் எங்கும் இல்லை.

நிலமும் சட்டமும்

ஊர் திரும்பியதும் பெரம்பலூரில் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தேன். அவர் சொன்ன செய்தி நம் சமுதாயத்தார் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதால் இங்கே விளக்கி எழுதுகிறேன்.

அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இந்தியாவில் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க இயலாது. வாரிசாக அடைந்ததை வைத்துக் கொள்ளலாம். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் இந்தியக் குடியுரிமை அத்துடன் முடிந்துவிடும். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2005 முதல் அத்தகையோருக்கு ஓ.சி.ஐ. அட்டை வழங்கப்படுகிறது. அது வாழ்நாள் விசாவைப் போன்றது. வாக்குரிமை தராது, விவசாய நிலம் வாங்கும் உரிமையும் தராது.

இதன் பொருள் யாது? பினாங்கார் காட்டை நான் விற்று, வசிப்பிடத்தையும் மாற்றிக்கொண்டால், வெளிநாட்டில் வசிக்கும் வரை எங்களால் அதைத் திரும்ப வாங்க முடியாது. பணம் இருந்தாலும் முடியாது. துபாயிலிருக்கும் என் மகனால் இன்றே ஒரு சென்ட் கரிசலைத் தன் பெயரில் விலைக்கு வாங்க இயலாது. ஆனால் நான் வைத்துவிட்டுப் போனால், ஷரீஅத் முறைப்படி அவனுக்கும் அவன் சகோதரிக்கும் அது சேரும். விற்பது ஒரு கையெழுத்தில் முடியும். மீட்பது எளிதன்று. இதை மகனிடம் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இது தெரியாமல் போயிற்று, அத்தா" என்றான்.

நபிவழியில் ஒரு பாடம்

நம் போன்றோரின் இடமாற்றத்தைப் புனித ஹிஜ்ரத்தோடு ஒப்பிடுவது தகாது. ஆயினும் அதில் நமக்குப் பாடம் உண்டு. நுபுவ்வத்தின் ஐந்தாம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் சிலரை அபிசீனியாவுக்கு அனுப்பியபோது, அந்நாட்டின் வளத்தை எடுத்துக் கூறவில்லை. நஜ்ஜாஷி மன்னரின் ஆட்சியில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதையே கூறினார்கள். குடியேறும் இடத்தில் முதலில் நோக்க வேண்டியது நீதி என்பதை இதிலிருந்து அறிகிறோம். அங்கே போனவர்களில் சிலர், மக்கத்தார் இஸ்லாத்தை ஏற்றுவிட்டனர் என்ற பொய்ச் செய்தியை நம்பிச் சில திங்களில் திரும்பி இன்னலுற்றதையும் வரலாறு சொல்கிறது.

மதீனா ஹிஜ்ரத்துக்கு முன்போ, முதல் அகபா உடன்படிக்கைக்குப் பின் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை நபியவர்கள் யத்ரிபுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே தங்கி, மக்களோடு பழகி, குர்ஆனைக் கற்பித்து, அடுத்த ஹஜ்ஜுக் காலத்தில் நற்செய்தியோடு மக்கா வந்தார். அதன் பின்னரே ஹிஜ்ரத் நிகழ்ந்தது. தங்கிப் பழகி அறிந்த பிறகே இடம் பெயர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

போய்ப் பார்க்க எண்ணும் அன்பர்களுக்கு

எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கூறுகிறேன்.

விடுமுறைக் காலத்தில் பார்த்த ஊரைப் பள்ளிகள் நடக்கும் சாதாரண மாதத்தில் மறுபடியும் சென்று பாருங்கள். ஹோட்டலில் தங்காமல் வாடகை வீட்டில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுங்கள். ஜும்ஆவில் மட்டுமன்றிப் புதன்கிழமை ஃபஜ்ரிலும் பள்ளிக்குப் போங்கள். ஊரின் உண்மையான ஜமாஅத் அப்போதுதான் தெரியும்.

விசாவின் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். அது எத்தனை ஆண்டுக்கு, வேலை பார்க்கலாமா, பிள்ளைக்கு எந்த வயது வரை பொருந்தும், விதி மாறினால் என்னாகும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மலேசியத் திட்டம் 2021-இலும் 2024-இலும் மாறியது போல எதுவும் மாறக்கூடும்.

வெளிநாட்டில் முதலீடு செய்யவோ வீடு வாங்கவோ பணம் அனுப்புவதாயின், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரையே அனுப்பலாம் என்ற ரிசர்வ் வங்கியின் வரம்பை நினைவில் வையுங்கள். வங்கி வழியன்றி வேறு வழியில் அனுப்பச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

முன்னோர் நிலத்தைக் கடைசிக் காசாக வையுங்கள், முதற்காசாக எடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள் என நீங்கள் எண்ணுவதை அவர்கள் பெயரில் சொல்லிவிடாதீர்கள். இஸ்திகாரா தொழுங்கள், அத்தோடு மஷ்வராவும் செய்யுங்கள்.

நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. நிலத்தை விற்பதில்லை என்பதில் மட்டும் மூவரும் ஒன்றுபட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு அன்பரின் தம்பிக்கு இவ்வாண்டு அதைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன், பருத்தி போட்டிருக்கிறார். மகன், மலேசியாவில் வேலை அனுமதியோடு தனக்கு ஓர் இடம் கிடைக்குமா என்று தேடி வருகிறான். கிடைத்தால் குடும்பத்தோடு அங்கே வாடகைக்கு இருப்பான். நாங்கள் போய் வருவோம். துணைவியாரோ வகுப்புத் தோழியுடன் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறார். அத்துடன் நம் ஊரிலும் பெண்களுக்கு வாராந்திரக் குர்ஆன் வகுப்பு தொடங்க வேண்டும் என்று ஜமாஅத் நிர்வாகிகளிடம் என்னைத் தூதனுப்பினார். நான் போனேன். ஆவன செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை விசா விதிகளை மீண்டும் விசாரித்துக்கொண்டு, மழைக்காலத்தில் பினாங்கு போவதாக இருக்கிறோம். இருபத்தெட்டு நாட்கள், ஒரு சிறு வாடகை வீட்டில். அப்போது நாங்கள் கஸ்ர் தொழ மாட்டோம். நான்கு ரக்அத்துகளும் நின்று தொழுவோம். அந்த ஊரின் முழு எடையும் அப்போது ஓரளவேனும் தெரியவரும்.

எங்கே வாழ்ந்தாலும் ஈமானோடு வாழவும், எந்த மண்ணில் மரணம் வந்தாலும் நம் ஜனாஸாவைச் சுமக்க நாலு பேர் அன்போடு வரவும், எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.